கால்வாய்ப் பக்கத்து வேலி

தையலம்மாவுக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சுகிற துணியில் தலையணை உறை தைப்பாள். அதிலும் மிஞ்சினால் அடுப்படிக்குக் கைப்பிடித் துணி. பிய்ந்த பொத்தான்கள் மட்டும் அவள் வீட்டில் ஏழு டப்பா இருக்கின்றன. அதனால், மேய்ச்சல் நிலத்து வேலியைப் பிரிக்க வேண்டும் என்று ஆனபோது பழைய இரும்புக்காரருக்கு அவள் சொன்ன பதில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

"ரெண்டு ஆள விட்டா நாளைக்கே துண்டு துண்டா வெட்டி எடுத்துடலாம்மா," என்றார் அவர்.

"துணிய வெட்டவே நான் ரெண்டு தடவ யோசிக்கிற ஆளு. நல்ல கம்பிய வெட்டுவேனா? நீங்க போய் வாங்க."

வேலியைப் பிரிக்கக் காரணம் இருந்தது. மாடுகளை விற்றாகிவிட்டது. அவள் கணவருக்கு வலது கை விளங்கவில்லை, பால் கறக்க முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த டிராக்டர்காரர் ஓரம்வரை உழ வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் வேலியை எடுக்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்கறிப் பாத்தியிலோ பன்றிகள் வந்து கிழங்கெல்லாம் கிளறிவிட்டுப் போகின்றன. அங்கே இருக்கும் கம்பி இங்கே வந்தால் இரண்டு வேலையும் முடிந்தது.

அவள் கணவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஓட்டுவதை விட்டு ஏழு வருஷம் ஆகியும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலையை அவர் விட்ட கதையைத் தையலம்மாவிடம் துணி கொடுத்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன், கைகளை விரித்துக்கொண்டு அளவுக்கு நின்றபடி. "நல்ல வேலை. மாசம் பொறந்தா சம்பளம். மக மேல படிக்கப் போற வருஷம். ஒருநாள் காலையில 'சலிச்சுப் போச்சு, இனிமே போகல'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். சோம்பேறித்தனம், வேற என்ன?" வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே இவ்வளவும் சொல்வாள்.

மகள் அந்த வருஷம் பகலில் படித்துவிட்டு மாலையில் ஒரு துணிக்கடையில் நின்று வேலை பார்க்க வேண்டியதாயிற்று. படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அப்பாவிடம் மட்டும் வேலி பிரிக்கிற நாள்வரை "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை.

கை விழுந்தது அதற்குப் பிறகு, நான்கு வருஷத்துக்கு முன்னால். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கியவர் அப்படியே காலில் கொட்டிக்கொண்டார். காலுக்கு மருந்து போடப் போன இடத்தில்தான் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, "போன மாசந்தான்" என்றார் டிரைவர். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

வேலியைப் பிரிக்கும் வேலையைத் தையலம்மா தானே எடுத்துக்கொண்டாள். டிரைவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோல் கையுறை போட்டுக்கொண்டு, குறடோடு இறங்கினாள். டிரைவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொன்னார்.

"முதல்ல கடைசிக் கல்லுல முறுக்கத் தளத்து. நேரா நிக்காத, ஒதுங்கி நில்லு. பட்டுனு விட்டா மூஞ்சியக் கிழிச்சிடும்."

"கிழிச்சா தச்சுக்கறேன். நீங்க சும்மா இருங்க."

சொன்னாளே தவிர, ஒதுங்கித்தான் நின்றாள். முறுக்குத் தளர்ந்ததும் கம்பி பெருமூச்சு விட்டதுபோலத் தொய்ந்தது. பிறகு ஒவ்வொரு கல்தூணிலும் முள்கம்பியைப் பிடித்திருந்த சிறு கட்டுக்கம்பியைக் குறடால் கவ்வி இடது பக்கமாகத் திருப்பினாள். மூன்று திருப்பில் கழன்றது. கழன்ற கட்டுக்கம்பியைக்கூட நிமிர்த்தி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். முள்கம்பியைச் சுற்றுவதற்கு, கேபிள் வந்த பழைய மர உருளை ஒன்றைக் கண்டுபிடித்து, நடுவில் குழாயைச் செருகி, இரண்டு கல்லுக்கு மேல் ஏற்றி வைத்தாள். தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுவதைப் போலவேதான், முள் மட்டும் கூடுதல்.

சாலைப் பக்கத்து வேலியில் நான்கு வரிசைக் கம்பியும் இரண்டு நாளில் உருளைக்கு வந்துவிட்டது. எந்தக் கட்டைப் பார்த்தாலும் மூன்று திருப்பு, நுனியை உள்ளே மடக்கிவிட்ட சுத்தம்.

"என்ன இருந்தாலும் வேலை நறுவிசு," என்றாள் அவள், அவருக்குக் கேட்கிற மாதிரி. மூன்றாம் நாள் கால்வாய்ப் பக்கம் தொடங்கப்போகிறாள் என்றதும், "அதை வேணா இரும்புக்காரன்கிட்டயே விட்டுடேன். துருப்பிடிச்சிருக்கும்," என்றார் டிரைவர்.

"துரு எங்க இருக்கு? கம்பி பளபளன்னு இருக்கு."

மூலைக்கல்லைத் தாண்டியதும் முதல் கட்டை இடது பக்கம் திருப்பினாள். கழலவில்லை, இன்னும் இறுகியது. இன்னொரு திருப்புத் திருப்பினாள், கட்டு அறுந்து விழுந்தது. அடுத்த கல்லிலும் அப்படியே. கையுறையைக் கழற்றிவிட்டு, மூன்றாவது கட்டைக் கிட்டத்தில் பார்த்தாள். முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. மூன்று திருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு, எட்டு. குறடு வழுக்கி வழுக்கிக் கம்பியெல்லாம் கடித்த தழும்பு. நுனி மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் தொழில் பழகிய இடத்தில் இடது கைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் போட்ட கைத்தையல் மட்டும் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். யார் போட்டது என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கண்ணோடு தையலம்மா வரிசையாகப் பத்துப் பதினைந்து கல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். எல்லாம் இடது கை. அதுவும் பழகாத இடது கை.

மரத்தடிக்கு வந்தாள்.

"கால்வாய்ப் பக்கம் கட்டினது யாரு?"

"கூலிக்கு ஒருத்தன் வந்தான்."

"எவனும் வரல. வேலைய விட்டீங்களே, அதுக்கு முந்தின ஸ்கூல் லீவு முழுக்க நீங்க ஒத்த ஆளாக் கட்டினீங்க. தண்ணி கொண்டாந்து குடுத்தது நான்."

டிரைவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூலை திரும்பறப்போ குறடு கையிலேருந்து நழுவுச்சு. அசதின்னு நெனச்சேன். மறுநாளும் நழுவுச்சு. கட்ட விரல் பிடிக்கவே இல்ல. சரி, முடிச்சிடுவோம்னு இடது கையாலயே கட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஸ்கூல் தொறந்துச்சு. வேன்ல இருபத்திரெண்டு புள்ளைங்க. ஸ்டீயரிங்கப் பிடிக்கிற கை எப்ப விடும்னு எனக்கே தெரியாது. எப்படி ஓட்டறது?"

தையலம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

"சலிச்சுப் போச்சுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"ஊர் முழுக்க உங்கள சோம்பேறின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஒருத்தர் பாக்கியில்லாம சொன்னேனே!"

"தெரியும். டீக்கடைக்காரரே எங்கிட்ட சொன்னாரு."

"அப்பவாவது வாயத் தொறந்திருக்கக் கூடாதா? அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா கை பொழச்சிருக்குமேங்க!"

"மகளுக்குக் காலேஜ்ல பணம் கட்டற நேரம். ஆஸ்பத்திரின்னு ஆரம்பிச்சா நீ மொதல்ல அவ படிப்பத்தான் நிறுத்துவ. தானா சரியாயிடும்னு இருந்துட்டேன். அதோட, நல்லா இருக்கறவனத்தான் திட்டுவாங்க. நீ திட்டற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லன்னு தோணுச்சு."

அவள் குறடைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துத் திரும்பவும் தைத்தாள். யாரை மன்னிக்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவர் பொய் சொன்னது நிஜம். ஏழு வருஷம் அவள் பேசிய பேச்சும் நிஜம்.

மாலையில் மகளுக்குப் போன் போட்டாள். நடந்ததை அப்படியே சொன்னாள்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. அப்பா பக்கத்துல இருக்காரா? குடுங்க."

டிரைவர் போனை இடது கையில் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் புல்லுக்குள் தேடிக் குறடை எடுத்துக்கொண்டு தையலம்மா கால்வாய்ப் பக்கம் இறங்கினாள். வலது பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கட்டுகளை அவிழ்த்தாள். எட்டுத் திருப்புக் கட்டு எளிதில் அவிழாது. நான்கு வரிசைக்கும் ஐந்து நாள் பிடித்தது. டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கம்பி புல்லில் சிக்காமல் காலால் தூக்கிவிட்டுக்கொண்டே கூட நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தைத்த துணி ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இவரு வேலைய விட்டதப் பத்தி உங்ககிட்ட நெறைய சொல்லியிருக்கேன். அதெல்லாம் தப்பு. கை போயிடுச்சு, புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடக்கூடாதுன்னு விட்டிருக்காரு. எனக்கே இப்பதான் தெரியும்."

உள்ளே வரச் சொன்னேன். "இல்ல, இன்னும் ஆறு வீடு இருக்கு," என்று நகர்ந்துவிட்டாள்.

டிரைவருக்கு இது பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைக்குப் போனால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துப் பார்த்து விசாரிக்கிறார்களாம். "முன்னாடியாவது நிம்மதியா ஒரு டீ குடிச்சேன்" என்று முணுமுணுத்தாராம்.

காய்கறிப் பாத்தி வேலிக்கு மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை கல் நட்டார்கள். பன்றி நுழையாதபடி கீழ் வரிசையை நெருக்கி, ஒரு சாணுக்கு ஒரு கம்பியாக இழுத்தார்கள். மகள் ஒரு முனையைப் பிடிக்க, டிரைவர் இழுவை சரியா என்று இடது கையால் தட்டிப் பார்த்துச் சொன்னார். எல்லாம் கட்டிய பிறகும் பாதி உருளைக் கம்பி மிச்சம். அதை என்ன செய்வது என்று தையலம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். இரும்புக்காரர் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டுகிறார்.