டீச்சரம்மாவின் ரேஷன் கார்டு

வீட்டு புரோக்கருக்கு வீடு காட்டுவது சுலபம். குடிவந்த பிறகு கரண்ட், ரேஷன், குழாய்த் தண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் குடிவந்தவர்கள் முகத்தில் முழிப்பதுதான் கஷ்டம். வாடகை வீடு மாறி மாறி நொந்துபோன உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் இதுதான் எனக்குப் பிழைப்பு. அப்போது ஒரு டீச்சரம்மாவிடம் பட்ட வெட்கம் இன்னும் உறைக்கிறது.

சும்மா சுற்றிய மீட்டர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கடலைக்காய் மண்டி முதலாளி ஒருவரின் வீட்டில் முன்போர்ஷனைப் பிடித்துக் கொடுத்தேன். "தனி மீட்டர்தானே?" என்று இரண்டு தடவை கேட்டார். "உங்களுக்கே உங்களுக்குங்க" என்றேன். பின்போர்ஷன் பாத்ரூம் பல்பும் அதில்தான் எரிகிறது என்பது எனக்குத் தெரியும். சொன்னால் வீடு முடியாதே!

பால் காய்ச்சிய மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது, மீட்டர் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. "பழைய மீட்டருங்க, சும்மாவே கொஞ்சம் சுத்தும்" என்று அளந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் எடுக்கறது சயின்ஸுங்க" என்றார்.

பஸ் ஸ்டாப்பில்

ஆள் வைத்து அந்தப் பாத்ரூம் பல்பு ஒயரை மாற்றிக் கொடுத்துத் தப்பித்தேன். அடுத்தது ரேஷன் கார்டு. அது கீழ்பென்னாத்தூர் கடையில் இருந்தது. இங்கே மாற்ற வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் கொடுத்தால் குடித்தனக்காரர் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வார் என்று எங்கள் ஊர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம். "முதலாளி யோசிக்கறாருங்க" என்று ஆறு மாசம் ஓட்டினேன். அதுவரை டீச்சரம்மா வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் மாசாமாசம் கீழ்பென்னாத்தூர் போய்த்தான் கிருஷ்ணாயில் வாங்கி வரவேண்டும்.

ஒரு சனிக்கிழமை அங்கே கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் டீச்சரம்மா, கையில் டின். "கிருஷ்ணாயில் ஏத்தக்கூடாதும்மா" என்று கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. நான் கையிலிருந்த டீ கிளாஸோடு டீக்கடைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மானம் கெட்ட புத்தி! அவர் எப்போதோ பார்த்துவிட்டிருக்கிறார். திரும்பாமலே சொன்னார்: "டீ ஆறுது, குடிங்க."

நான் எழுதிய கடிதம்

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே ஒரு கடிதம் எழுதி, முதலாளி பெயரில் கையெழுத்தும் போட்டு, திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். டீச்சரம்மா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அதை இரண்டு தடவை படித்தார். முதலாளிக்குக் கையெழுத்தே போட வராது, கைநாட்டுதான். டீச்சரம்மாவுக்குப் போட்ட வாடகை அக்ரிமெண்டில் அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியவனே நான்தான். அவசரத்தில் மறந்து தொலைத்தேன்.

கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "இது ஆபீசுக்குப் போயிருந்தா என் வேலை போயிருக்கும்" என்றார். சாப்பாட்டு டப்பாவை மறுபடி திறந்தபடி, "முதலாளி எப்ப எழுதக் கத்துக்கிட்டாரு? ஊர்ல டீச்சர்னு நான் ஒருத்தி இருக்கேன், எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

மண்டியில் இரண்டு நிமிஷம்

உங்களிடம் மறைப்பானேன்? அந்த ஆறு மாசமும் நான் முதலாளியிடம் கேட்கவே இல்லை. கேட்டால் முறைப்பார், அப்புறம் வீடு கொடுக்க மாட்டார் என்று பயம். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மண்டிக்குப் போய், நின்றபடியே கேட்டேன். மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவர் விரலை நீட்டினார். "இவ்ளோதானா? மொத நாளே கேட்டிருந்தா குடுத்திருப்பேனேயா."

அங்கேயே புதுக் கடிதம் எழுதி, ரேகை வாங்கி, சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிஜம்தான் என்று தெரிந்ததும் டீச்சரம்மா முகம் இளகிவிட்டது. என்னை உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்து வைத்தார். "பாவம், இதுக்காக ஆறு மாசமா எவ்ளோ அலைஞ்சீங்களோ" என்றார்.

அலைந்தது யார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.