பலகையில் போடாத பெயர்

மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் வகுப்பைப் பிரான்சுக்குச் சுற்றுலா கூட்டிப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். லண்டனில் பிறந்த பிள்ளை, தகப்பனுக்கு நிரந்தர விசா இருக்கிறது, பிறகென்ன என்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். தர முடியாது என்றுவிட்டார்கள்.

என் கணவர் கல்யாண ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டூட்டிங்கில் இருந்த ஒரு வக்கீலிடம் போனார். தமிழ்நாட்டுப் பெண். தாலி கட்டும் படத்தை ஆற அமரப் பார்த்தார்.

“படமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா இந்த நாட்டுச் சட்டத்துக்கு இது போதாதுங்க. ரிஜிஸ்டர் பண்ணலையா?”

பண்ணவில்லை. அதை எங்கள் ஊரில் எழுத்து என்போம். அந்த நாட்களில் என் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. அரசாங்கக் கந்தோர் வாசலைக் கண்டாலே மற்றப் பக்கத்தால் நடந்துவிடுவேன். மனோர் பார்க்கில் கோயிலில் வைத்துத் தாலி ஏறியது, சனம் வயிறாரச் சாப்பிட்டு வாழ்த்தியது, இதற்குமேல் என்ன சாட்சி என்று இருந்துவிட்டோம். இப்போது பார்த்தால், சட்டத்தின் கண்ணில் நாங்கள் மணமாகாதவர்கள். அன்றைய சட்டத்தில் மணமாகாத தகப்பனின் உரிமை பிள்ளைக்குச் சேராதாம். என் விசாவோ இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

“இப்ப ரிஜிஸ்டர் பண்ணினாலும் போதும், பிள்ளைக்கு எல்லாம் சரியாயிடும். தள்ளிப்போடாதீங்க” என்றார் வக்கீல்.

தள்ளிப்போட்டவள் நான்தான்.

பதிவுக்கு முன், மணமக்களின் பெயர்களைக் கவுன்சில் கட்டடத்து அறிவிப்புப் பலகையில் சில வாரம் போட்டு வைப்பார்கள் என்று என் கணவர் விசாரித்துக்கொண்டு வந்தார். பெயருக்குப் பக்கத்தில் மணமாகாதவர் என்றும் இருக்குமாம். கோலியர்ஸ் வுட்டிலும் டூட்டிங்கிலும் எங்கள் ஆட்கள் ஏதாவது அலுவலாக அந்தக் கட்டடத்துக்குப் போகாத நாளில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏழு வயசுப் பிள்ளையை வச்சுக்கொண்டு என்னைக் குமர்ப்பிள்ளை எண்டு பலகையில போடப் போறியளோ? அப்ப இவ்வளவு நாளும் நான் இந்த வீட்டில ஆர்?”

“இஞ்சாருமப்பா, என்னையும் புது மாப்பிளை எண்டுதானே போடுவாங்கள். எனக்குச் சந்தோசம்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சனம் என்ன கதைக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டைக்குள் ஏறவில்லை. பிள்ளை பிரான்சுக்குப் போகாமல், வேறு வகுப்பில் இருந்து படம் வரைந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் அவர் சாப்பாட்டு மேசையில் மெல்லக் கதையைத் தொடங்குவார். “ஆடி போகட்டும்” என்பேன். ஆடி போனது. “விசா முடிவு வரட்டும்” என்றேன். அவர் வற்புறுத்தத் தெரியாத மனிதர். தெரிந்திருக்கலாம் என்று இன்றைக்கும் அவரோடு கோபப்படுகிறேன்.

அடுத்த மாரியில் ஒரு காலை, வேலை செய்த பெட்ரோல் செட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது.

மரணத்தைப் பதிவதற்கு அதே கவுன்சில் கட்டடத்துக்குப் போனேன். என் இங்கிலிஷுக்குத் துணையாக மகளும் வந்தாள். எப்போது, எங்கே கல்யாணம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தன்மையாகக் கேட்டாள். கோயிலைச் சொன்னேன். சட்டப்படி பதிந்ததா என்றாள்.

அந்தக் கேள்வியை மகள் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. “நோ” என்றேன். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

பத்து வயதுவரை இங்கேயே வளர்ந்த பிள்ளை என்ற கணக்கில் பிற்பாடு அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அது அவளே தேடிக்கொண்ட உரிமை. தகப்பன் கொடுக்க ஆசைப்பட்டதை நான் கொடுக்க விடவில்லை.

மரணத்தைப் பதிந்த அன்று வெளியே வரும்போது கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பலகையைக் கண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் யார் யாருடையவோ பெயர்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். சனம் குடையை உதறிக்கொண்டு வந்தது, போனது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.