காம்போதிக்குக் கிடைத்த மத்தியானம்

எனக்கு எழுத்து கோணல். நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் சொந்தக்காரர்களுக்குக் கார்டும்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்தது பின்னால் வந்து நின்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் செட்டைப் பற்றி எழுதிவை, எழுதிவை என்று அண்ணா பிள்ளை பிடுங்குகிறான். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். மிச்சம் நான்தான்.

பாலக்காட்டில் கோயில் தெருவில் எங்கள் வீடு. அண்ணாவின் மனைவியான மன்னி வீணை வாசிப்பாள். அடுத்த வீட்டு மாமி வயலின். என் அக்கா புருஷர், அத்திம்பேர், மிருதங்கம். அவருக்குப் பகலில் பாங்கு வேலை. நான் தம்பூரா. தம்பூரா போடுகிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். தண்டுக்குப் பின்னால் முகத்தை ஒதுக்கிக்கொண்டால் சபையில் பாதி என் கண்ணுக்கும் தெரியாது. கூச்சக்காரியான எனக்கு அது ரொம்ப சௌகரியம்.

செட்டுக்குப் பேர் ஒன்றும் வைக்கவில்லை. 'வீணை செட்டைக் கூப்பிடு' என்பார்கள், போவோம். எழுபதுகளில் எங்களுக்கு நல்ல கிராக்கி. ஆனால் மேடைக் கச்சேரி கிடையாது. எல்லாம் வீட்டுக் கச்சேரி. சீமந்தம், நிச்சயதார்த்தம், கொலு, அறுபதாம் கல்யாணம். நாட்டையில் ஆரம்பிப்போம். ஒரு வர்ணம். அப்புறம் மோகனம், ஹம்சத்வனி மாதிரி எல்லோருக்கும் பழகின ராகங்கள். தொட்டில் போடுகிற வீடென்றால் நீலாம்பரி. கல்யாணியைக் கொஞ்சம் விரித்து வாசிக்கலாம் என்று மன்னி ஆலாபனையைத் தொடங்குவாள். அதற்குள் பின்கட்டில் வாழை இலையை உதறித் துடைக்கிற சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் வந்து கையைக் காட்டுவார். எலப்புள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், "ஏனுங்க, பந்தி போட்டாச்சுங்க. சோறு ஆறிப்போயிருமுங்க, முடிச்சுப்போடுங்க" என்று ஒருத்தர் வயலின் மாமியின் வில்லையே பிடித்துவிட்டார். உடனே மங்களம். வருஷக்கணக்கில் இப்படிப் பழகி, இலைச் சத்தம் கேட்டாலே எங்கள் கை தானாக மங்களத்துக்குப் போய்விடும்.

மன்னிக்கு மனசில் ஒன்று இருந்தது. காம்போதியில் ஒரு ராகம் தானம் பல்லவி அவள் கட்டி வைத்திருந்தாள். முதலில் ராகத்தை நிதானமாக ஆலாபனை செய்வது, பிறகு வீணைக்கே உரிய தானம், கடைசியில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதைத் தாளத்துக்குள் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் மாற்றிப் புரட்டுவது. முழுசாக வாசித்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் சாப்பாடு ஆனதும் அரிசி உள்ளில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாலு பேரும் அதைச் சாதகம் செய்வோம். சாதகம் நடந்ததே தவிர, வெளியில் வாசிக்க ஒரு வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. "ஒரு தடவை, யாராவது பத்துப் பேர் உக்காந்து முழுசாக் கேட்டாப் போறும்டீ. அப்பறம் நேக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பாள் மன்னி.

அந்தச் சமயத்தில்தான் மூணாறிலிருந்து ஆள் வந்தது. மன்னியின் மாமா பிள்ளை அங்கே ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் ஏறினோம். வளைவுக்கு வளைவு வயலின் மாமி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பூராவை நான் மடியில் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டேன். மூணாறிலிருந்து ஜீப். அது குதித்த குதியில் அத்திம்பேர், "மிருதங்கம் தானே வாசிச்சுக்கறது, கேட்டேளா? நான் எதுக்கு வந்தேன்?" என்றார்.

கோயிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு ஹால். திருவிழாவுக்கு எஸ்டேட் லீவு. கொழுந்து எடுக்கிற பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானமே மூடுபனி வாசலில் நின்றது. குளிரில் என் விரல் மரத்துவிட்டது. நாட்டை, வர்ணம், மோகனம் ஆனது. மன்னி கல்யாணியைத் தொட்டாள்.

அப்போது பின்பக்கத்தில் யாரோ வாழை இலையை உதறித் துடைத்தார்கள்.

மன்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணி அப்படியே சுருங்கி மங்களத்தில் போய் நின்றது. மாமியின் வில்லும் கூடவே போனது. அத்திம்பேர் முத்தாய்ப்பு வைத்துக் கையைக் கூப்பிவிட்டார்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு அம்மாள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, அம்புட்டுத்தானா?"

"இலை போட்டாச்சே" என்றாள் மன்னி.

"அது சாயங்காலம் பூசை முடிஞ்சு பொங்கல் குடுக்கறதுக்கு இப்பவே கழுவி வைக்காக. எங்களுக்கு இன்னிக்கு வேலையுமில்ல, சோலியுமில்ல. இம்புட்டு மலை ஏறி வந்துட்டு, வந்த ஜீப்பு சக்கரம் சுத்தி நிக்கறதுக்குள்ள முடிச்சிட்டீகளே!"

பெண்கள் சிரித்தார்கள். மன்னிக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் கேட்ட பத்துப் பேருக்குப் பதிலாக ஒரு ஹால் நிறைய ஜனம். அவசரப்படுத்த ஒருத்தர் இல்லை. இருந்தும் அவள் கையே மங்களத்தை வாசித்து முடித்துவிட்டது. மங்களத்துக்கு அப்புறம் வாசிக்கிற வழக்கம் எங்களில் கிடையவே கிடையாது.

"காம்போதி வாசிச்சிருக்கலாமேடீ" என்று என் பக்கம் சாய்ந்து சொன்னாள். தம்பூராவை நிறுத்த மனசு வராமல் நான் மீட்டிக்கொண்டே இருந்தேன்.

"இப்போ வாசியுங்கோளேன்" என்றார் அத்திம்பேர்.

"நன்னாருக்கு! மங்களம் ஆனா ஆச்சு. அப்பறம் தந்தியைத் தொடப்படாது" என்றாள் வயலின் மாமி. இந்த மாதிரி விஷயத்தில் மாமி அசைய மாட்டாள்.

மன்னி வீணையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "உறையைப் போடுங்கோ" என்றாள். எல்லாவற்றுக்கும் உறை போட்டோம். எழுந்து வெளியே போனோம். கிளார்க் பதறிப்போய், "எந்தாச்சு அக்கா, கோபமா?" என்று பின்னாலேயே ஓடிவந்தார். "கோபமுமில்லை, ஒண்ணுமில்லை. கச்சேரி முடிஞ்சுது. நேக்குச் சாயா வேணும்" என்றாள். குடித்தோம். அத்திம்பேர், பனியில் தொய்ந்துபோன மிருதங்கத்தைப் பொங்கல் வைக்கிற அடுப்புப் பக்கம் காட்டிச் சூடேற்றினார். மன்னி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "இனி அடுத்த கச்சேரி."

மாமிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்படின்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணம். தேங்காய் உடைக்கணம். பாதிக் கச்சேரிக்கு நான் வரமாட்டேன்."

கறுப்புக் கம்பளி அம்மாளே தேங்காய் கொண்டுவந்தாள். "எத்தன வேணும்னாலும் ஒடைங்க. ரெண்டாவது ஆட்டமாச்சும் சீக்கிரம் விட்டுறாதீக" என்றாள். மறுபடி கோயிலைப் பார்த்துக் கும்பிட்டோம், மறுபடி சுருதி சேர்த்தோம், மறுபடி நாட்டை. ஹாலில் ஒரே சிரிப்பு. மன்னி மட்டும் சிரிக்காமல் இன்னொரு சின்ன உருப்படியும் வாசித்தாள். அதற்குப் பிறகு காம்போதி.

அந்தக் காம்போதியை எழுத எனக்குத் தெரியாது. ஆலாபனை நடக்கும்போது பனி உள்ளேயே வந்துவிட்டது. பின்வரிசை முகங்கள் மறைந்தன. மடியில் கிடந்த குழந்தைகள் தூங்கின. சிலர் எழுந்து போனார்கள், திரும்பியும் வந்தார்கள். தானத்துக்கு மிருதங்கம் கிடையாது; அத்திம்பேர் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பல்லவி வந்ததும் கம்பளி அம்மாள் தொடையில் தாளம் போட்டாள். அது தப்பின தாளம், ஆனாலும் விடவில்லை. ஒரு சுற்றில் மாமி தாளத்தில் இடம் தவறிவிட்டாள். மன்னி நிறுத்தாமல் மறு சுற்றில் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசிக்கும்போது மன்னி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் பழையபடி சீமந்தமும் நிச்சயதார்த்தமும்தான். பிறகு மாமி பிள்ளையோடு பம்பாய்க்குப் போனாள், செட்டு நின்றது. அந்தப் பல்லவி வெளியில் ஒலித்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். மன்னி அதைப் பற்றிக் குறையாக ஒரு நாளும் பேசியதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மன்னி மூன்றாம் காலமும் வாசித்தாள் என்றுதான் என் ஓர்மை. இல்லை, பூசை மணி அடித்துவிட்டதால் இரண்டாம் காலத்தோடு விட்டோம் என்று அத்திம்பேர் கடைசி வரை சாதித்தார். மன்னியிடம் கேட்டால், "வாசிச்சாச்சு" என்று மட்டும் சொல்வாள். கோயில் மாரியம்மனா முருகனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. அந்த ஹாலில் இருந்தவர்களோ, அவர்கள் சொல்லிக் கேட்ட பிள்ளைகளோ மூணாறுப் பக்கம் இருந்தால், இதைப் பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும். முக்கியமாக அந்த மூன்றாம் காலத்தை.