தரை தெரிந்த காடு

காட்டுக்குள் சதுரமாகக் கட்டிய மஞ்சள் கயிற்றில் ஒரு கையை ஓட்டிக்கொண்டே நான்கு மூலையையும் சுற்றி வருவாள் கோவிந்தம்மாள். நாஷ்டாவுக்கு முன் ஒரு சுற்று, பொழுது சாயும்போது ஒரு சுற்று. கயிறு தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவாள். விறகு பொறுக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அவள் வாய்க்கு அவ்வளவு மரியாதை. "கவுறு கட்டிக்கீது தெரியல? அந்தாண்ட போ" என்றால், வந்தவர் ஊராட்சித் தலைவரே ஆனாலும் அந்தாண்ட போக வேண்டியதுதான்.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது அந்தக் காடு. கரை கசிவதால் சித்திரை வெயிலிலும் மண் காயாது. மேலே நீர்மருது, இலுப்பை, நாவல். அவற்றுக்குக் கீழே புங்கமும் வீரையும். அதற்கும் கீழே முழங்கால் உயரக் கன்றுகள், கொடிகள், பெயர் தெரியாத நண்டு சிண்டுகள். எது எதோடு சேர்ந்து வளர்கிறது என்று கயிறு கட்டிய சதுரத்துக்குள் நான்கு வருடமாகக் கணக்கெடுத்து வந்தாள் ஷீபா. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வு செய்கிற பெண். கன்று ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகரச் சீட்டு தொங்கும். காவல் வேலை கோவிந்தம்மாளுக்கு. அறுப்பு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று அலைந்தவளுக்கு ஐம்பது வயதுக்குமேல் கிடைத்த முதல் நிரந்தர வேலை.

நூறு நாள் வேலையில் அவள் பெரிய பெயர் வாங்கியவள். அவள் கைபட்ட ஏரிக்கரையில் ஒரு முள் மிஞ்சாது. தரை தெரிந்தால்தான் வேலை செய்ததாக அர்த்தம் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிதான் போன ஆடி மாதம் அவள் காலை வாரிவிட்டது.

ஆய்வைப் பார்வையிடச் சென்னையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஷீபா போனில் சொல்லியிருந்தாள். கோவிந்தம்மாள் சதுரத்தைப் பார்த்தாள். ஒரே புதர். வருகிறவர்கள் ஷீபாவைத்தானே கேவலமாகப் பேசுவார்கள்? கொடுவாளை எடுத்தாள். பெரிய மரம் ஒன்றின் மேலும் கை வைக்கவில்லை. மற்றதையெல்லாம் ஒரே பகலில் வெட்டி, பெருக்கி, தண்ணீர் தெளித்து முடித்தாள். கோலம் போடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். தகரச் சீட்டுகளை மட்டும் பத்திரமாகக் கழுவி, ஒரு கம்பியில் கோத்து வைத்தாள்.

பெரியவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை ஷீபா வந்தாள். கோவிந்தம்மாள் சிரித்த முகத்தோடு கம்பியை நீட்டினாள். ஷீபா சீட்டுகளை எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று. எண்ணி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல கீற மரத்த யாரு வேணாலும் பாக்கலாம்க்கா. அதுங்க புள்ளைங்க பொழைக்குதா இல்லியான்னு பாக்கத்தான் நாலு வருசமா வந்துக்கினு கீறேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கோவிந்தம்மாள் தாங்கியிருப்பாள். ஷீபா மெல்லத்தான் சொன்னாள். அவளுக்குக் காது மடல் சுட்டது. கொடுவாளை முந்தானைக்குள் மறைத்தாள். யாரும் எதையும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் வேலை கொடுத்திருந்தார்கள். அந்த 'யாரும்' என்பதில் அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஊரையெல்லாம் விரட்டிவிட்டு, ஒருத்தரும் செய்யாததை அவளே செய்திருக்கிறாள். வெட்டிப்போட்ட குவியலிலிருந்து ஒரு வீரைக் கன்றை உருவி மண்ணில் குத்தி, சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். அது சாய்ந்தது. வெட்கத்தில் அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஷீபா நோட்டைத் திறந்தாள். இழப்புக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நெடுநேரம் யோசித்து ஒரே ஒரு சொல் எழுதினாள். இன்னா எழுதினே என்று கோவிந்தம்மாள் கேட்டாள்.

"வறட்சின்னு. நெசத்த எழுதினா உங்கள வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கக்கா."

கோவிந்தம்மாள் குனிந்து காலடியைப் பார்த்தாள். விரல் இடுக்கில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

"நாலு வருசமா நெசம் எழுதின நோட்டு இது. எனக்கோசரம் இதுல பொய் வாணாம் பாப்பா."

பேனாவுக்குக் கை நீட்டினாள். ஷீபா அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை வாங்கினாள். அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பிறகு நோட்டை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே, கட்டத்துக்குள் தன் பெயரை எழுதினாள்.