தொப்பி விழுந்த இடம்

விவசாய இலாகாவிலிருந்து வந்த அந்த உத்தியோகத்தர் நெட்டையர். தலையில் நசுங்கிய வெயில் தொப்பி. எங்கள் ஊரான உன்னிச்சையில் எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி, நெல்லா, பக்கத்து வட்டை நெல்லா விதைக்கு உகந்தது என்று பார்க்க வந்தார்.

செழித்த மூலையைக் காட்டி, “இஞ்ச வெட்டிப் பாருங்க ஐயா” என்றேன்.

“எல்லாரும் நல்ல மூலையத்தான் காட்டுவாங்க” என்று சிரித்தவர், கண்ணை மூடித் தொப்பியைத் தோளுக்குப் பின்னால் வீசினார். விழுந்த இடத்தில் மரச்சட்டம் வைத்து, அதற்குள் அடங்கியதை அறுத்து நிறுத்தார். இரு வட்டையிலும் பலமுறை அப்படியே. ஒருமுறை பதர் மட்டுமே விளையும் எங்கள் சாவட்டைப் பள்ளத்திலேயே விழுந்தது.

மாலையில் சொன்னார்: “ரெண்டுலயும் நல்ல இடமும் இருக்கு, கெட்டதும் இருக்கு. ஆனா எல்லா நிறையையும் கூட்டிப் பார்த்தா, இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வராது. ஒங்கட நெல்லுத்தான் மேல்.”

நான் காட்டிய மூலையில் வென்றிருந்தால் இத்தனை பெருமை ஏது? இன்றும் எவராவது தன் நல்ல கதிரை நீட்டினால், தலைப்பாகையைக் கழற்றி வீசக் கை துடிக்கிறது.