டபிள்யூ பதினொன்று

அன்று காலை பால் மையத்தில் இருந்தவர்கள்: நான், எனக்குப் பின்னால் கேனோடு நின்ற பக்கத்துக் காட்டு அக்கா, தவிட்டுக்கடைக்காரர், பாலைப் பரிசோதிக்கும் மையத்துக்காரர், சேலத்திலிருந்து வந்த பால் கம்பெனி ஆபீசர். ஆபீசரின் டிரைவர் காரை விட்டு இறங்கவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார், அதனால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறு பேர். நான் "சரி" என்று சொன்னதைக் கேட்டவர்கள் இவர்கள்தான்.

நான் ஏழாவதோடு நின்றவள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். மையத்தில் எப்போதும் முதல் ஆள் நான்தான். பால் வண்டி கிளம்பிவிடுமோ, பால் திரிந்துவிடுமோ என்று விடியுமுன்பே கேனைத் தூக்கிவிடுவேன். போய் நின்றால்தான் நிம்மதி.

அதுவரை பாலைச் சோதிக்கும் மெஷினின் திரை மையத்துக்காரரைப் பார்த்துத்தான் இருந்தது. அவர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதுதான் கணக்கு. அன்று ஆபீசர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இனிமே எல்லாம் வெளிப்படைங்க. உங்க பாலு, உங்க கண்ணு முன்னாடி. செல்போன் ஆப்லயும் வந்துரும். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

"அப்பறம் இவரு எதைத்தானுங்க மறைச்சுப் பொழைக்கறது?" என்று தவிட்டுக்கடைக்காரர் மையத்துக்காரரைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

என் பாலில் கொஞ்சம் எடுத்து மெஷினின் குழாயில் வைத்தார்கள். திரையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் வந்தன. கடைசியாக டபிள்யூ, பக்கத்தில் பதினொன்று. டபிள்யூ எனக்குத் தெரிந்த எழுத்து. தவிட்டு மூட்டையில் எடை போட்டிருக்கும் இடத்தில் அதுதான் இருக்கும். அன்று நான் கொண்டுபோனதும் பதினோரு லிட்டர்.

"டபிள்யூ பதினொண்ணு காட்டுது. சரிங்களா?" என்றார் ஆபீசர்.

"சரிதானுங்க. ஊட்லயே அளந்துதான் ஊத்திக்கிட்டு வந்தேன்."

அக்கா வெடித்துச் சிரித்தாள். "அளந்து ஊத்துனாளாமா! ஏன் அம்மிணி, ஒரு சொம்பு கொறைச்சு ஊத்தியிருந்தா ஆகாதா?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தவிட்டுக்கடைக்காரர்தான் குனிந்து சொன்னார். "அது எடை இல்லீங்க. வாட்டரு. நூத்துக்குப் பதினொண்ணு தண்ணி."

நான் தண்ணீர் கலக்கவில்லை என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. "நீங்களே ஒத்துக்கிட்டீங்களேங்க" என்று சொல்லிக்கொண்டே ஆபீசர் போனில் ஏற்றிவிட்டார். அடுத்து அக்காவின் பால். டபிள்யூ சுழியம். கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, ஆளில்லாத நேரம் பார்த்து மையத்துக்காரர் சொன்னார். மெஷினைக் கழுவிய தண்ணீர் குழாயில் கொஞ்சம் நின்றுவிடும். அதனால் முதலில் வருகிறவரின் பாலை ஒரு தடவை வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி வைத்துத்தான் கணக்கு எடுப்பார். என் பாலை அவர் தினமும் இரண்டு தடவை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

"ஆபீசர் முன்னால இன்னொருக்கா வெச்சா, எதையோ மாத்தறேன்னுவாருங்க. எனக்கும் பொழப்பு இருக்குதுங்களே."

"இதைக் கம்பெனில சொல்லுவீங்களா?"

"மாட்டனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் பால் பணம் வரவேண்டிய தேதியில் வரவில்லை. ஆப்பில் பார்த்தால் என் பால் எல்லாம் நாள்வாரியாக, காலை மாலை என்று இருந்தது. கீழே, "கலப்படம்: நிறுத்தி வைக்கப்பட்டது." யாரிடம் கேட்பது என்று அதில் இல்லை. புகார் என்று ஒரு பொத்தான் இருந்தது. தட்டித் தட்டி, நடந்ததையெல்லாம் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்." ஐந்து நட்சத்திரம் இருந்தது. குறைத்துக் கொடுத்தால் இன்னும் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்து ஐந்தையும் அமுக்கினேன்.

பிறகு ஆபீசர் ஒரு தாளோடு வந்தார். தண்ணீர் கலந்தது உண்மை, இனிமேல் கலக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் ஐந்நூறு அபராதம் போக மீதி கணக்கில் ஏறிவிடுமாம். தாளை நான்கு முறை படித்தேன். அதில் தமிழ்தான் இருந்தது, எல்லாமே விளங்கியது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை வீட்டுக்காரர் போனில் கத்தினார். "கிறுக்கச்சி, போட்டுட்டுக் காசை வாங்கு. எவன் வந்து படிக்கப் போறான்?"

"ஆப்ல வந்துருமுங்க. எல்லாரும் பாப்பாங்க."

"பாத்தா என்ன?"

போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை விளங்காமல் சரி என்றாகிவிட்டது. விளங்கிக்கொண்டு இன்னொரு தடவை சரி என்று எழுதக் கை போகவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். சும்மா போகவில்லை, அவ்வளவுதான்.

வேறு மையம் பக்கத்தில் இல்லை. அங்கேதான் இன்னும் ஊற்றுகிறேன். அதற்குப் பிறகு ஊற்றியதற்கெல்லாம் பணம் ஒழுங்காக வருகிறது. இப்போதெல்லாம் மையத்துக்காரர் தன் வீட்டுப் பாலை ஒரு டம்ளரில் கொண்டுவந்து முதலில் மெஷினில் வைக்கிறார். எல்லோரும் பார்க்கத் திரையில் டபிள்யூ ஏறுகிறது. அதைக் கொட்டிவிட்டு என் கேனுக்குக் கை நீட்டுகிறார். அக்கா செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை.

தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. தினமும் ஆப்பைத் திறந்து பார்க்கிறேன். கம்பெனி எனக்குத் தரவேண்டியது அதே இடத்தில் நிற்கிறது: ஆறாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.