இரண்டு மரங்களுக்கு நடுவே நின்ற பஸ்

என் அக்கா செந்தமிழ்ச்செல்வியைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். அவளோ தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே தபால் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்தவள். எல்லாத் தாளும் தேறி, அமெரிக்க இலக்கியம் ஒன்றுதான் பாக்கி. தை மாதம் கல்யாணம். நைனார்பாளையத்து மாப்பிள்ளை வீட்டார், வந்தபிறகு பரீட்சை கிரீட்சை எதுவும் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். 1987 செப்டம்பரை விட்டால் விட்டதுதான்.

வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்கு மனசில் நிற்கும். கேட்க நான் அகப்பட்டேன்.

“வெள்ளக்காரங்க அமெரிக்காவுல கப்பல்ல வந்து எறங்குனாங்கடா ஆதி. எதிர்ல ஒரே காடு. உள்ள ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்க. அவங்களத் தொரத்திக்கினு, மரத்த வெட்டிக்கினு மேக்கால போனாங்க. பயந்த வரைக்கும் காட்டப் பிசாசுன்னு எழுதுனாங்க. வெட்டி முடிச்சப்புறம் அதே காட்ட நெனச்சு ஏங்கி எழுதுனாங்க. அந்த ஊரு எழுத்துல பாதி இதான்.”

“வெட்டுனவனே அழுவுறதா? நல்லா இருக்குதுக்கா ஞாயம்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மேற்கே நீலமாகத் தெரிந்த கல்வராயன் மலையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், யாரும் கூட்டிப்போனதில்லை.

“பரீட்ச முடிஞ்சதும் மலைக்குக் கூட்டிக்கினு போடா. காட்டுக்குள்ள ஒரு தபா நிக்கணும்.”

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலை மறியல். அவரவர் ஊர் எல்லையில் அவரவர் மரத்தைச் சாய்ப்பது என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. எங்கள் பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போகட்டும் என்றுதான் கோடாலியைத் தூக்கினேன். அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

மறியல் தொடங்கிய அன்றே விழுப்புரத்தில் அக்காவுக்குப் பரீட்சை. தள்ளிவைத்ததாக அவளுக்குத் தகவல் எதுவும் வரவில்லை. நான் எங்கள் ஆட்களிடம் மல்லுக்கட்டி, புளியமரத்தை முக்கால்வாசி வெட்டி நிறுத்திவைத்தேன். முதல் பஸ் வந்தது. ஜன்னலிலிருந்து அக்கா கையை ஆட்டினாள். பஸ் தாண்டியதும் கயிற்றை இழுத்துச் சாய்த்தோம். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் எல்லையில் அதற்கு முன்பே சாய்த்திருப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. முன்னால் அவர்கள் மரம், பின்னால் என் மரம், நடுவில் பஸ். மத்தியானம் வரை அதில் உட்கார்ந்திருந்துவிட்டு அக்கா நடந்தே திரும்பினாள். இலை வாடாத என் மரத்தை அவள் ஏறிக் கடக்கும்போது கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தால் மலை என்பது பேச்சு. முடியவில்லை, அதனால் அவளும் கேட்கவில்லை. தையில் நைனார்பாளையம் போய்விட்டாள்.

ஒதுக்கீடு கிடைத்தது. பல வருஷம் கழித்து அவள் மகள் தனுஷாவுக்கு அதில்தான் கல்லூரியில் வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் கேசரி. என் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆதி, அன்னிக்கு இன்னா கேள்வி கேட்டிருப்பான்டா?”

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். “காட்டப் பத்திதான் கேட்டிருப்பான்க்கா.”

“அப்ப நல்லா எழுதியிருப்பேன்,” என்றாள்.

திரும்பி வரும் வழியில் அந்தப் புளியமரம் நின்ற இடம் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, வெட்டியவனே நின்று அழுதேன்.